பதினைந்தாவது மட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் பிள்ளையும் சௌக்கியமாகப் போட்டி நடக்கிற ஊர் வந்து சேர்ந்தோம். உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது?

வருஷத்தின் முதல் கோல்ஃப் போட்டி முடிந்தது. இந்த ஊர் மைதானத்தில் ஒரு குழி இருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் ஆட்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அடிக்கிறவன் ஒரு பாறை மேல் நிற்க வேண்டும். குழியைக் காட்டும் கொடி எதிர்ப் பாறையில். நடுவில் கடல். பந்து தப்பினால் மீனுக்குத்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கொஞ்சம் புல்லைப் பிய்த்து மேலே போட்டேன். அது சுற்றிவந்து என் வாய்க்குள்ளேயே விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நம் ஆளும் லேசாகச் சிரித்தான். எதிர்ப் பாறையில் பந்தைக் கொண்டுபோய் வைத்தும் விட்டான்.

பை தூக்குவதும் ஒரு வேலையா என்று அத்தான் இன்னும் கேட்கிறாரா? கேட்டால் இதைச் சொல். அடிப்பது அவருடைய மகன். எவ்வளவு தூரம், என்ன காற்று, எந்த மட்டை என்று சொல்வது அவருடைய மச்சினன். முதுகில் இருக்கும் சுமை அதற்கப்புறம்தான்.

போன வருஷம் பட்டியலின் வாலைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தோம். இந்த வருஷமும் அக்டோபர் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். பட்டியலுக்குள் இருந்தால் அடுத்த வருஷமும் ஆடலாம். வெளியே விழுந்தால் அவ்வளவுதான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விழ மாட்டான். நீ கவலைப்படாதே.

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை.

உன் அன்புத் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் காலையில் வடிகிறது, சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறது. அதுவும் என்னோடு வேலைக்குப் போய்வருகிறது போல. உன் அத்தான் நலம். விளையாட்டு என்றால் வியர்க்க வேண்டும் என்கிற பழைய பாட்டை இன்னும் விடவில்லை.

ஆஸ்பத்திரித் துணி அறையில் மூன்று பேராக இருந்தோம். இப்போது இரண்டு பேர். புது விரிப்பு வாங்க மாட்டேன் என்கிறார்கள். நடுவில் நைந்துபோன விரிப்பை இரண்டாக வெட்டி, ஓரத்து நல்ல துணியை நடுவுக்குக் கொண்டுவந்து தைக்கிறோம். அதுவும் கிழிந்தால் தலையணை உறை. உறையும் கிழிந்தால் துடைக்கிற துணி. தையல் மிஷினிலிருந்து எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழத் தோன்றவில்லை.

முக்கியமான விஷயம் ஒன்று. நம் ஊர் கோல்ஃப் கிளப்பின் செயலாளர் போன ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் டிசம்பரோடு ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்துக்கு நம் பிள்ளை வருவானா என்று கேட்டார். மாதச் சம்பளம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நவம்பர் முடிகிற வரை காத்திருப்பாராம். உனக்கும் ஏதாவது இடம் இருக்குமா என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இதை அவனிடம் நீ சொல். நான் எழுதினால் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். அவன் ஓர் ஊமைக்கொட்டான், உள்ளேயே வைத்துப் புழுங்குவான். கூடவே இருக்கிறவன் நீ. முகம் பார்த்து, நேரம் பார்த்துச் சொல். முடிவை அவன் எடுக்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உன் அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருவரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். மிஷினுக்குக் கீழே ஒரு மணையைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள், வீக்கம் குறையும்.

இங்கே வந்த இடத்தில் ஒரு குருட்டுக் குழி. அடிக்கிற மேடையிலிருந்து கொடி தெரியாது. எதிரே ஒரு மேடு எழும்பி நிற்கிறது. அதன் உச்சியில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். கல்லுக்கு நேராக அடித்துவிட்டு, அந்தப் பக்கம் என்ன ஆனது என்று தெரியாமலே மேட்டில் ஏறிப் போக வேண்டும். ஆடி முடித்ததும் அங்கே தொங்குகிற மணியை அடிக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டால்தான் பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம்.

நம் ஆள் பந்தைக் குழியில் போட்டுவிட்டு மணிப் பக்கமே போகவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். மேட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மூன்று பை, எல்லாரும் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் நான் போய் அடித்தேன். நல்ல கனமான மணி. பள்ளிக்கூடம் விட்டதுபோல இருந்தது.

இந்த வாரம் சுமார்தான். நன்றாகத் தூங்குகிறான். போட்டி இல்லாத நாளில் பகலிலும் தூங்குகிறான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மணை போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் காலுக்கு நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் சொன்னாயே, அதற்கு நன்றி.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மணி எவ்வளவு கனம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. தபாலில் என் கடிதம் தொலைந்துவிட்டதோ என்று பார்த்தால், மணை போடச் சொல்லியிருக்கிறாய். என் கடிதத்தைப் படிக்காமல் அது உனக்கு எப்படித் தெரியும்?

அவனிடம் சொன்னாயா? சொன்னால் என்ன சொன்னான்? வேண்டாம் என்றால் வேண்டாம், நான் ஒன்றும் அழமாட்டேன். நீ இப்படி மென்று முழுங்குவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பகலில் தூங்குகிறான் என்றாய். இருபத்தொன்பது வயது ஆள் பகலில் எதற்குத் தூங்குகிறான்? ஆஸ்பத்திரி வார்டில் பகலில் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தூக்கம் வந்து தூங்குகிறவர்கள் குறைவு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ஊர் ஊராகச் சுற்றியதில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இந்த ஊரில் தீவுக் குழி. ஒரு குளம், குளத்தின் நடுவில் தட்டுப் போல வட்டமாக ஒரு புல்தரை, அதில் கொடி. தூரம் ஒன்றும் பெரிதில்லை. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவான். போட்டியில் அன்று மூன்று பந்து தண்ணீருக்குள் போயிற்று. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் ‘ஐயோ’ என்றார்கள். மூன்றாவது தடவை அந்த ஐயோகூட வரவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. குழிக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் பந்து இருக்கும். குழந்தைகூடத் தட்டிவிடும். அப்போது அவன் கை நடுங்குகிறது. மார்ச்சிலிருந்தே இருக்கிறது. நான் கண்டும் காணாததுபோல வேறு பக்கம் பார்க்கிறேன். அவனும் நான் பார்க்கவில்லை என்று நம்புவதுபோலக் காட்டிக்கொள்கிறான். இது பல பேருக்கு வருகிறதுதான். சிலருக்குத் தானாகவே போய்விடும்.

அதனால்தான் அந்த வேலையைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. கை நடுங்குகிறவனிடம் போய், ஊரில் வேலை இருக்கிறது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? மாமாவே கைகழுவிவிட்டார் என்றுதானே? இந்த ஒரு சீசன் போகட்டும் அக்கா. சரியான நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

என் முட்டிக்கு ஒரு பட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன். எல்லாரும் போடுகிறார்கள்.

உன் தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நன்றாக இருந்தால் சரி.

போன வியாழக்கிழமை அவன் போன் செய்தான். ஏதோ ஓட்டலிலிருந்து. பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட, கை ஈரத்தோடு ஓடினேன். அவர்கள் வீட்டில் எல்லாரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள்.

“எப்படிப்பா இருக்கே?” என்றேன்.

“நல்லாயிருக்கேம்மா. மாமா முட்டியப் பத்தி உனக்கு ஏதாவது எழுதினாரா?”

“ஒண்ணுமில்லன்னுதான் எழுதியிருக்கான்.”

“படி ஏற முடியலம்மா அவரால. லிப்ட் இல்லாத ஓட்டல்ல கைப்பிடிச் சுவத்தப் புடிச்சு ஒவ்வொரு படியா ஏறறாரு. கேட்டா எதையாவது சொல்லிச் சிரிக்கிறாரு. நீ எழுதினா கேப்பாரு. டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா.”

நீ எப்படி இருக்கே, உன் ஆட்டம் எப்படி இருக்குன்னு கேட்டேன். பரவால்லம்மா என்றான். அந்த வேலையைப் பற்றி நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். “காசு முடியுது, வைக்கிறேம்மா” என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இன்னும் அரை நிமிஷம் இருந்திருக்கும். எனக்கும் தைரியம் வரவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் நீ கூடவே இருக்கிறாய். அவன் நடுங்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறாய், உன் நொண்டலைப் பற்றி அவன் கேட்டால் சிரித்து மழுப்புகிறாய். ஒரே அறையில் படுத்துக்கொண்டு என்னடா இது கண்ணாமூச்சி?

டாக்டரிடம் போ. அவனிடம் சொல். இரண்டையும் செய்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம்தான். நீ எழுதினதை எல்லாம் மனதில் வைத்திருக்கிறேன். டாக்டரைப் பார்த்தேன். ஓய்வு எடு என்றார். ஓய்வை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு குழிக்குப் பக்கத்தில் மணல் பள்ளம். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இறங்க ஏணி வைத்திருக்கிறார்கள். நேற்று அவன் உள்ளே இறங்கினான். மேலே நின்ற எனக்குத் தொப்பி மட்டும் தெரிந்தது. ஓர் அடி, மணல் பறந்தது, பந்து வரவில்லை. இன்னோர் அடி, வரவில்லை. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். “இங்க காத்தே இல்ல மாமா, நல்லாயிருக்கு” என்றான்.

நடுவர் பார்க்கிறார், சீக்கிரம் அடி என்றேன்.

நேற்றோடு ஐந்தாவது தடவை, நாலு நாள் போட்டியில் இரண்டு நாளிலேயே தேறாமல் வெளியே வந்துவிட்டோம். சொல்கிறேன் அக்கா. இந்த மாதம் சொல்லிவிடுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

இருவரும் நலமாக இருங்கள்.

செயலாளர் மறுபடி வந்தார். வேறு இரண்டு பேர் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்களாம். நவம்பர் முடிகிற வரைதான் நம் பிள்ளைக்காக வைத்திருப்பேன், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். உன் அத்தான் என்றைக்கும் இல்லாமல் வாசல் வரை போய் அவரை வழியனுப்பினார். திரும்பி வந்து, “அவன் அங்க சந்தோஷமா இருக்கானா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

எழுத வேறு ஒன்றும் இல்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் வருவதற்குள் உன் பிள்ளை வீடு வந்து சேர்ந்திருப்பான். நான் வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

கடைசிப் போட்டி. இதில் நன்றாக ஆடினால் பட்டியலுக்குள் வந்துவிடலாம் என்கிற நிலை. வருஷம் முழுக்க வராதது அந்த மூன்று நாள் வந்தது அக்கா. கை நடுங்கவே இல்லை. இந்த மைதானத்தின் கடைசிக் குழியைப் பெரிய பெரிய ஆட்களே தலைவலி என்பார்கள். பாதி வழியில் ஓர் ஆறு குறுக்கே போகிறது. தாண்டினால் கொடிக்குப் பின்னாலேயே கல்சுவர். கொஞ்சம் குறைந்தால் தண்ணீர், கொஞ்சம் கூடினால் சுவர். மூன்று நாளும் மூன்று தடவையும் கொடிக்குப் பக்கத்திலேயே இறக்கினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த வருஷத்துக்கு எந்தெந்த ஊரில் எந்த ஓட்டல் என்றுகூட அவனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

நாலாவது நாள்தான் அது நடந்தது. ஒருவர் பதினான்கு மட்டைக்கு மேல் வைத்து ஆடக் கூடாது. தொடங்குகிற மேடையில் நின்று மட்டைகளை எண்ணிப் பார்ப்பது பை தூக்குகிறவனுடைய வேலை. அன்று நான் எண்ணவில்லை. எண்ண மறந்துவிட்டேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் பழைய மட்டை ஒன்று உள்ளேயே கிடந்திருக்கிறது. இரண்டு குழி முடிந்த பிறகு அவன்தான் பார்த்தான். அவனே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னான். குழிக்கு இரண்டு அடியாக மொத்தம் நாலு அடியைத் தண்டனையாகக் கணக்கில் கூட்டிவிட்டார்கள். இரண்டு அடி வித்தியாசத்தில் பட்டியல் கைவிட்டுப் போயிற்று.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன். மற்ற பை தூக்குகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு வருஷம் இந்த வேலையைச் செய்தவன் செய்கிற தப்பா இது?

தப்பு முழுக்க என்னுடையது. அவனை எதுவும் கேட்டுக் குடையாதே. நான் இங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டேன். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பை தூக்கிக் காலத்தை ஓட்டிக்கொள்வேன். உன் முகத்தில் முழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி


நவம்பர் 25

தம்பிக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

பிள்ளை வந்து சேர்ந்தான். நாலு நாள் தூங்கினான், சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். அஞ்சாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது பாத்திரமெல்லாம் கழுவி வைத்திருந்தான். நீ எழுதினபடி நான் எதையும் குடையவில்லை. நவம்பர் முடியப்போகிறதே என்று அந்த வேலையைப் பற்றி மட்டும்தான் ஆரம்பித்தேன்.

“மாமா சொல்லியிருப்பாரே, கிளப்ல உன்னைக் கேட்டாங்கன்னு.”

“என்ன கேட்டாங்க?”

சொன்னேன். எப்போது கேட்டார்கள் என்றான். பிப்ரவரி கடைசியில் என்றேன். ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அன்னிக்கு எண்ண மறந்துட்டேன்னு மாமா எழுதியிருக்காரா?” என்று கேட்டான்.

“ஆமா. தப்பு பூரா அவனோடதாம்.”

“அவரு மேல தப்பில்லம்மா. அந்த மட்டைய நான்தான் உள்ள வச்சேன்.”

உன் அத்தான் ரேடியோவை அணைத்தார்.

“மூணு நாளா எல்லாம் சரியா விழுந்துச்சும்மா. எல்லாரும் கைதட்டினாங்க. ரூமுக்கு வந்து படுத்தா, அடுத்த வருஷம் பூரா கண்ணு முன்னாடி வந்து நிக்குது. திரும்ப அதே பஸ்ஸு, அதே பெட்டி, மாமா கட்டில் ஓரத்துல உக்காந்து முட்டியத் தேய்ச்சுக்கிட்டு இருக்கறது. என்னால முடியலம்மா. எப்பவோ முடியல.”

“போதும்னு மாமாகிட்ட சொல்றதுதானே?”

“எப்படிச் சொல்றது? எனக்காகத்தானே அந்தக் காலோட நடக்கறாரு.”

உன் அத்தான், “வேணும்னே நாலு பந்தைத் தண்ணிக்குள்ள அடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமேடா” என்றார்.

“அதுக்குக் கை வரலப்பா” என்றான்.

பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னான். “மாமா எப்படியும் எண்ணுவாரு, எண்ணினா பதினஞ்சுன்னு தெரிஞ்சுடும், ஏண்டா இதுன்னு கேப்பாரு, அப்ப எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதாம்மா வச்சேன். அன்னிக்குன்னு பார்த்து அவரு எண்ணல. அதுக்கப்புறம் அவருகிட்ட என்னால வாயத் திறக்க முடியல, ரெண்டு குழி தாண்டி நடுவரக் கூப்பிட்டுட்டேன். மாமாகிட்ட சொல்லாதேம்மா. என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு.”

சொல்லாதே என்றான். நான் சொல்லிவிட்டேன். நீ செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பாய், நான் தெரிந்துகொண்டும் இங்கே விரிப்பு தைத்துக்கொண்டிருப்பேனா? என் தம்பி எண்ண மறந்தானே தவிர, வேறு ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை நேற்றுப் போய் அந்த வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தான். நீயும் புறப்பட்டு வா.

அக்கா


டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பிள்ளைக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கால்வலிக்கு நடுவிலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முட்டியைக் கேட்டாய். ரொம்ப மோசம். ஆறு மாதமாக மோசம்.

நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். இனி நான் பொய்யை வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

நான் எண்ணினேன் அக்கா.

தொடங்குகிற மேடையில் எப்போதும்போலக் கையை வைத்து எண்ணினேன். பதினைந்து வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். அந்தப் பழைய மட்டையை முந்தின நாள் நானே கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். தானாக நடந்து வந்து பைக்குள் ஏறாது. திரும்பிப் பார்த்தேன். உன் பிள்ளை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். என் பக்கம் பார்க்கவே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அதை எடுத்து வெளியே போட அரை நொடி போதும். போட்டிருந்தால் பட்டியலுக்குள் வந்திருப்பான், இன்னொரு வருஷம் கிடைத்திருக்கும். அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது. எல்லாம் அவனுக்காக என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பை இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் உன் கடிதத்தை மார்ச்சிலிருந்து மறைத்தேன்.

ஏண்டா இது என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். அவன் அதற்காகத்தான் காத்திருந்தான் என்று நீ எழுதித்தான் தெரிகிறது. கேட்டால் அவமானப்படுவான் என்று நினைத்தேன். பழி என்மேல் விழட்டும், அவன் நிம்மதியாக வீடு போய்ச் சேரட்டும் என்று பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இதை அவனிடம் சொல்லாதே. மாமா மறந்துவிட்டார் என்றே இருக்கட்டும்.

உன் தம்பி


டிசம்பர் 30

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே எல்லாரும் நலம். உன் அத்தானுக்கு இருமல் விட்டது.

அவன் உன்னிடம் சொல்லாதே என்கிறான். நீ அவனிடம் சொல்லாதே என்கிறாய். வருஷம் பூராவும் இதைத்தானே செய்தீர்கள்? உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இதையெல்லாம் கட்டிக் காக்க என் உடம்பில் தெம்பு இல்லை. உன் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

நின்றபடியே படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். சாப்பிட வா என்றேன், வரவில்லை. வெகு நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றான்.

“அன்னிக்கு ஆடின மொதல் குழி பூரா மேடும்மா” என்றான். “பாதி வழியில மாமா ரெண்டு தடவ நின்னாரு. பைய எறக்கி வச்சு மூச்சு வாங்கினாரு. எனக்கு எப்படியாவது அன்னிக்குப் பொழுது முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்காம, சீக்கிரம் வாங்க மாமான்னு கத்தினேன்.”

அழுதான். சின்ன வயசுக்கப்புறம் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

என்றைக்குப் புறப்படுகிறாய் என்று உடனே எழுது. வழியில் லிப்ட் இருக்கிற ஓட்டலாகப் பார்த்துத் தங்கு.

உன் அக்கா